ஹப்ஸ்: தடுத்து வைத்தவன் மீதான கடன்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் உருது மொழியில் எழுதப்பட்ட நீதிமன்றத் தீர்ப்புகளில் ஒரு நீண்ட தொடர் இடம்பெற்றிருந்தது: ‘ஹப்ஸெ தவாம் பஉபூரெ தர்யாயே ஷோர்’. உவர்க்கடலுக்கு அப்பால் கொண்டுபோய் ஆயுள் முழுதும் தடுத்து வைத்தல் என்பது இதன் பொருள். நம் மக்கள் சுருக்கமாக ‘அந்தமான் தண்டனை’ என்றார்கள். 1857 எழுச்சிக்குப் பின் மௌலானா ஃபஸ்லே ஹக் கைராபாதீ (ரஹ்) அவர்கள் மீது 1859-ல் விதிக்கப்பட்டது இத்தண்டனையே. 1861-ல் அத்தீவிலேயே அவர்கள் மறைந்தார்கள். மௌலானா ஜஅஃபர் தானேசரீ அவர்களுக்கு 1864-ல் முதலில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது இவ்வாறே மாற்றப்பட்டது. 1866-ல் அந்தமான் சென்ற அவர்கள் 1883-ல்தான் ஊர் திரும்பினார்கள்.

1955-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து ‘நாடு கடத்தல்’ என்பதை நீக்கி ‘ஆயுள் சிறை’ என்பதை வைத்தது. உருதுவிலும் ‘ஹப்ஸெ தவாம்’ மெல்ல ஒதுங்கி, ‘உம்ர் கைத்’ என்ற எளிய தொடர் நிலைத்தது. இன்றைய உருது வழக்கில் ‘ஹப்ஸ்’ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிறைச்சாலை அன்று. காற்று அசையாத நாளின் புழுக்கமே. சிறையைக் குறிக்கும் சொல்லாக அது பழமைப்பட்டுப் போயிற்று.

பழமைப்பட்ட இச்சொல்லை நாம் மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நம் மார்க்கச் சட்ட நூல்கள் சிறை குறித்துப் பேசும்போது பெரிதும் ஆள்வது இச்சொல்லையே. தமிழில் அந்நூல்களை விளக்குவோரும் திருமறையின் மொழிபெயர்ப்பாளர்களும் ஹப்ஸ், ஸிஜ்ன், அஸ்ர், கைத் ஆகிய நான்கையும் பெரும்பாலும் ‘சிறை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து விடுகின்றனர். மொழிபெயர்ப்பின் வசதிக்காக நேர்ந்த இச்சுருக்கம், கருத்தையும் சுருக்கி விட்டது என்பதே நமது வாதம்.

நான்கு சொற்கள்

‘அஸ்ர்’ என்பதன் வேர்ப்பொருள் தோல்வாரால் இறுகக் கட்டுதல். போரில் பிடிபட்டவன் ‘அஸீர்’. ஏழைக்கும் அநாதைக்கும் அஸீருக்கும் உணவளிப்போரை அத்தஹ்ர் அத்தியாயம் (76:8) புகழ்கிறது. குடும்பத்தைக் குறிக்கும் ‘உஸ்ரா’ என்ற சொல்லும் இதே வேரினின்று தோன்றியதே. பிணைப்பு என்னும் பொதுப்பொருள் இரண்டிலும் உண்டு. மால்டாத் தீவில் ஆங்கிலேயரால் காவலில் வைக்கப்பட்டு 1920-ல் விடுதலையான ஷைகுல் ஹிந்த் மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்களை மக்கள் ‘அஸீரே மால்டா’ என்றே அழைத்தனர். அவர்களைக் குற்றவாளியாக அன்றிப் போரில் பிடிபட்டவராகவே மக்கள் கருதினர் என்பது அச்சொல்லிலேயே தெரிகிறது.

‘கைத்’ என்பது கால் விலங்கு. அவிழ்ந்து ஓடுவதைக் கட்டுவது எதுவாயினும் அது கைத். ஆகவே எழுதிப் பதிவு செய்தலையும், ஒரு கூற்றுக்கு விதிக்கப்படும் நிபந்தனையையும் இவ்வேரினின்றே அரபுமொழி குறித்தது. உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் ‘முத்லக்’, ‘முகய்யத்’ என்னும் பாகுபாட்டை அறிவர். வஞ்சகமாகக் கொலை செய்வதற்கு ஈமான் ஒரு விலங்கு என்ற கருத்தமைந்த நபிமொழியிலும் இவ்வேரே ஆளப்பட்டுள்ளது. ஆயினும் திருமறையில் இவ்வேர் இடம்பெறவில்லை. விலங்குகளைக் குறிக்க அது அக்லால், ஸலாஸில், அஸ்ஃபாத், அன்கால் ஆகிய சொற்களையே கொண்டது.

பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்த ‘கைது’, ‘கைதி’ என்பன இந்தக் ‘கைத்’தின் வழிவந்தவை. கையைப் பிணைப்பதால் ‘கைது’ என்று தமிழ் வேர் காட்டுவோர் உளர். ஒலியொற்றுமை கவர்ச்சியானதுதான்; ஆனால் ‘து’ என்னும் எஞ்சிய பகுதிக்கு அவர்களால் பொருள் கூற இயலாது. இதனினும் கவனிக்கத்தக்கது பொருள் மாற்றம். உருதுவில் கைத் என்பது சிறைவாசம்; பிடிப்பதற்கு ‘கிரஃப்தாரி’ என்ற வேறு சொல் உண்டு. தமிழில் ‘கைது’ பிடிக்கும் செயலுக்கு உரியதாயிற்று. ‘கைதி’ மட்டும் சிறையில் இருப்பவனாகவே நின்றுவிட்டது. இதனால், கைது செய்யப்பட்ட அன்றே ஒருவரைக் கைதி என்னும் வழக்கு நம் மொழியில் மிக இயல்பாகப் புகுந்தது. பிடிக்கப்படுதலுக்கும் தண்டிக்கப்படுதலுக்கும் இடையே நீதிமன்றம் ஒன்று இருக்கிறது என்பதை இச்சொற்கள் மறைக்கின்றன.

‘ஸிஜ்ன்’ என்ற சொல்லின் ஆட்சி வியப்புக்குரியது. பாவிகளின் ஏடு பற்றி வரும் ‘ஸிஜ்ஜீன்’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டால், திருமறையில் இவ்வேர் வரும் இடங்கள் அனைத்தும் எகிப்தைச் சார்ந்தவை. யூசுஃப் அத்தியாயத்தில் பெயர்ச்சொல்லாக 6 இடங்களிலும் வினையாக 3 இடங்களிலும் வருகிறது. எஞ்சிய ஒன்று, மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்ன் மிரட்டும் இடம் (26:29). ‘ஸிஜ்ன்’ என்பது சிறைக்கூடம்; ‘ஸஜ்ன்’ என்பது சிறையிடும் செயல். யூசுஃப் (அலை) அவர்களின் வேண்டுதலில் (12:33) வரும் இச்சொல்லைப் பதின்மர் காரிகளுள் ஒருவரான பஸராவின் யஅகூப் (ரஹ்) அவர்கள் ‘ஸஜ்ன்’ என்றே ஓதினார்கள்.

அதே அத்தியாயத்தின் 35-ஆம் வசனத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். ஊன்றிப் பார்ப்பது குறைவு. யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பதற்கான சான்றுகளைக் கண்ட பின்னரே, அவரைச் சிலகாலம் சிறையிலிடுவது நல்லது என அம்மேட்டுக்குடியினருக்குத் தோன்றியது. ‘சிலகாலம்’ என்றால் எவ்வளவு காலம் என்று எவரும் வரையறுக்கவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாமை, காலம் வரையறுக்கப்படாமை, பெரிய இடத்து மானம் காக்கப்படுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே எகிப்தின் ஸிஜ்ன். யூசுஃப்–ஜுலைகா வரலாற்றைக் காதற் காவியமாகவே கேட்டுப் பழகிய நாம், அதனுள் ஒரு வழக்கு விசாரணை இருப்பதைக் கவனிப்பதில்லை.

ஹப்ஸின் இயல்பு

இனி, நாம் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு வருவோம். ‘ஹபஸ’ என்றால் செல்ல விடாமல் நிறுத்தினான் என்று பொருள். ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் அண்ணலார் (ஸல்) அவர்களின் ஒட்டகை கஸ்வா மண்டியிட்டு அமர்ந்தபோது, அன்று யானையைத் தடுத்து நிறுத்தியவனே இதனையும் நிறுத்தினான் என அண்ணலார் கூறினார்கள். அங்கு ஆளப்பட்ட வினை இதுவே. திருமறையில் இவ்வேர் இருமுறை மட்டுமே வருகிறது. ஒன்று, வேதனையைத் தடுத்து நிறுத்துவது எது எனப் பரிகசிப்போரின் கேள்வியில் (11:8). மற்றொன்று, மரண சாசனத்தின் சாட்சிகள் இருவரைத் தொழுகைக்குப் பின் நிறுத்தி வைத்துச் சத்தியம் வாங்குமாறு பணிக்கும் இடத்தில் (5:106). உண்மை வெளிப்படும் வரை நிறுத்தி வைத்தல் என்பது இரண்டாவது ஆட்சியின் கருத்து.

இச்சொல் சென்ற பிற திசைகளும் அறியத்தக்கவை. ஸூஃபிகள் திக்ரின்போது மூச்சை அடக்குவதை ‘ஹப்ஸெ தம்’ என்றனர். எல்லாவற்றினும் மேலாக, வக்ஃபுக்கு உரிய பழஞ்சொற்களுள் ஒன்று ஹப்ஸ். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்செய்வது என உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனை அறவழியில் விடுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். விற்கவும் வழங்கவும் வாரிசுரிமையாகப் பங்கிடவும் ஆகாதவாறு தடுத்து வைக்கப்பட்ட சொத்து ‘ஹுபுஸ்’ ஆயிற்று. மாலிக்கீ மத்ஹபு நிலவும் மேற்கு ஆப்பிரிக்க, வட ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் இச்சொல் வழங்குகிறது. மொராக்கோவின் அறநிலைய அமைச்சகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

சிறைக்கும் அறக்கொடைக்கும் ஒரே சொல்லா என்று தமிழ் வாசகர் மலைக்க வேண்டியதில்லை. ‘சிறை’ என்ற நம் சொல்லுக்கே சிறகு, அணை, காவல், அரண் எனப் பல பொருள்கள் உள்ளன. திருக்குறளில் அரணைக் குறிக்கவும் அது ஆளப்பட்டுள்ளது. சிறையைக் குறித்த மற்றொரு பழஞ்சொல் கோட்டம். மணிமேகலையின் 19-ஆம் காதை சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறிய நிகழ்வைத் தலைப்பிலேயே கூறுகிறது. இரு மரபுகளுக்கும் தொடர்பு கற்பிக்க நாம் முயலவில்லை. ஓரிடத்தில் அடைத்து வைத்தல் கொடுமையாகவும் காப்பாகவும் அமையலாம். எதுவாக அமையும் என்பது அடைத்து வைத்தவன் கையில் உள்ளது என்பதை இரு மரபுகளும் அறிந்திருந்தன என்று மட்டுமே குறிக்கிறோம்.

இப்னுல் கையிம் (ரஹ், மறைவு ஹி. 751) அவர்கள் ஹப்ஸுக்குத் தந்த விளக்கம் புகழ்பெற்றது. மார்க்கம் கூறும் ஹப்ஸ் என்பது குறுகிய இடத்தில் அடைப்பதன்று. ஒருவர் தம் விருப்பப்படி நடமாட இயலாதவாறு தடுப்பதே அது. வீட்டில் வைத்தாலும், பள்ளிவாசலில் வைத்தாலும், வழக்காடுபவர் அவரை விட்டு நீங்காமல் உடன் இருந்தாலும் அது ஹப்ஸே என்பது அவ்விளக்கத்தின் சாரம். அண்ணலார் காலத்தில் சிறைக்கென ஒரு கட்டடம் இருந்ததில்லை. பனூ ஹனீஃபா குலத்தலைவர் துமாமா பிடிபட்டபோது மஸ்ஜிதுன் நபவியின் தூணில் கட்டி வைக்கப்பட்டார். மக்கள் தொழுவதையும் பேசுவதையும் அவர் அங்கிருந்தே கண்டார். அண்ணலார் நாள்தோறும் அவரிடம் வந்து பேசினார்கள். மூன்றாம் நாள் அவிழ்த்து விட்டார்கள். விடுபட்டுச் சென்றவர், குளித்துவிட்டுத் தாமே திரும்பி வந்து இஸ்லாத்தைத் தழுவினார். உமர் (ரலி) காலத்தில் மக்காவில் ஸஃப்வான் இப்னு உமய்யாவின் வீடு சிறைக்கென விலைக்கு வாங்கப்பட்டது. கூஃபாவில் அலீ (ரலி) அவர்கள் நாணலால் ஒரு சிறை அமைத்ததாகவும், அது உடைக்கப்படவே மண்ணால் வேறொன்று கட்டியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். சிறைக்கட்டடம் ஆட்சித் தேவையால் பின்னர் வந்தது. தடுத்து வைத்தலின் நெறி அதற்கு முன்பே வந்துவிட்டது.

கடன் யார் மீது?

அந்நெறியின் மையம் எது? ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண் நரகுக்கு உரியவளானாள் என்ற நபிமொழியைச் சிறுவர்க்கும் கற்பிக்கிறோம். விலங்குகளிடம் அன்பு காட்டுக என்ற அளவில் அதை நிறுத்தியும் விடுகிறோம். அந்நபிமொழியின் வினைச்சொல்லைப் பாருங்கள்: ஓர் அறிவிப்பில் ‘ஹபஸத்’, மற்றோர் அறிவிப்பில் ‘ஸஜனத்’. ஓர் உயிரின் நடமாட்டத்தைப் பறித்தவர், அவ்வுயிர் தானே தேடிக்கொள்ளக்கூடியதாக இருந்த அனைத்துக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்னும் சட்டக் கொள்கை அதனுள் உள்ளது.

ஹனஃபீ அறிஞர்கள் இக்கொள்கையை விரிவாகவே ஆண்டனர். பிறர் நலனுக்காகத் தடுத்து வைக்கப்பட்டவரின் வாழ்க்கைச் செலவு அப்பிறர் மீதே என்பது அவர்களது விதி. காஜிக்கு பைத்துல்மாலிலிருந்து ஊதியம் ஏன்? அவர் மக்களின் பணிக்காகத் தம் தொழிலினின்று தடுக்கப்பட்டுள்ளார். மனைவிக்கு நஃபகா ஏன்? இல்லறத்துக்காக அவர் தடுக்கப்பட்டுள்ளார். இவ்வொப்பீடு இன்றைய செவிக்கு உறுத்தலாம். ஆயினும் தடுக்கப்பட்டவரைக் கடனாளி ஆக்காமல் தடுத்தவரைக் கடனாளி ஆக்கிய அதன் திசையை நாம் கவனிக்க வேண்டும்.

ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ், மறைவு ஹி. 182) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இத்திசையிலேயே பேசுகிறது. சிறைப்பட்டோர் சங்கிலியுடன் தெருவுக்கு வந்து பிச்சையெடுக்கும் நிலையை அவர்கள் கடிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் திங்கள்தோறும் 10 திர்ஹம் வழங்குக. கோடைக்கும் குளிருக்கும் உடை தருக. உறவற்றவர் சிறையில் இறப்பின் பொதுநிதியிலிருந்து கஃபனிட்டு, தொழுவித்து அடக்குக என்றார்கள். வெறும் குற்றச்சாட்டின் பேரில் ஒருவரை அடைத்து வைப்பதையும், அடித்து வாங்கிய வாக்குமூலத்தை ஏற்பதையும் மறுத்தார்கள். பேரரசரின் முகத்துக்கு நேரே தலைமை நீதிபதி கூறியவை இவை. ‘அதபுல் காஜி’ நூல்களோ, புதிதாகப் பொறுப்பேற்கும் நீதிபதி முதலில் சிறைப்பட்டோரின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொருவரும் எக்காரணத்தால் உள்ளே இருக்கிறார் என விசாரிக்க வேண்டும் என விதித்தன.

இங்கு நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூலில் இருந்த நெறி நாட்டில் முழுமையாக நடந்துவிடவில்லை. வாஸித் நகரில் ஹஜ்ஜாஜ் கட்டிய கூரையற்ற சிறையைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஹி. 150-ல் பக்தாத் சிறையில் மறைந்ததாகவே பெரும்பாலோர் கூறுகின்றனர். இமாம் அஹ்மத் (ரஹ்) சிறையிலிடப்பட்டு அடிபட்டார்கள். இமாம் ஸரக்ஸீ (ரஹ்) தம் ‘மப்ஸூத்’தை வாய்மொழியாகக் கூறி எழுதுவித்தது உஸ்ஜந்தின் சிறைக்குழியிலிருந்து. இப்னு தைமிய்யா (ரஹ்) ஹி. 728-ல் மறைந்தது திமிஷ்கின் கோட்டைச் சிறையில். இவர்களை அடைத்தவர்கள் அந்நியர் அல்லர், முஸ்லிம் ஆட்சியாளர்களே. ‘இஸ்லாம் சிறைவாசிகளுக்கு அன்றே உரிமை வழங்கிவிட்டது’ என்று மேடைகளில் முழங்குவோர் இப்பட்டியலையும் சேர்த்துக் கூறினால்தான் அவர்களது கூற்றுக்கு நேர்மை வரும். நம் அறிஞர்களின் சிறைநெறி ஆட்சியின் புகழ்மாலையாக எழுதப்பட்டதன்று. ஆட்சிக்கு எதிரான முறையீடாகவே பெரிதும் எழுதப்பட்டது.

இன்றைய ஹப்ஸ்

அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு குற்றச்சாட்டின் பேரில் ஒருவரைத் தடுத்து வைத்துப் பின் விடுவித்தார்கள் என்ற அறிவிப்பு அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. விசாரணைக் காவலுக்குச் சட்ட அறிஞர்கள் காட்டும் ஆதாரம் இதுவே. தடுத்து வைத்தல், விடுவித்தல் என்ற இரண்டு வினைகள் அதில் உள்ளன. நம் காலத்தின் துயரம் முதல் வினை நடந்து இரண்டாம் வினை நடவாமையே.

2022-ஆம் ஆண்டுக்கான அரசின் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வழங்கப்படாதவர்கள். அவர்களுள் முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிகுதி. தண்டனைக் காலத்தைவிட நெடுங்காலம் விசாரணையின்றிக் கிடந்த பீகார்ச் சிறைவாசிகளின் வழக்கில், விரைவான விசாரணை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 1979-ல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஹுசைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயரால் வழங்குகிறது. தண்டனையின் உச்ச அளவில் பாதியைக் கழித்தவரைப் பிணையில் விட 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர்க்கு அதனை மூன்றில் ஒரு பங்காக்கியது. தூக்குக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை.

தமிழகத்தில் 1998-ஆம் ஆண்டுக் கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிக்கப்பட்டன. அவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் ஈமானுள்ள எவருக்கும் ஐயமிராது. வஞ்சகக் கொலைக்கு ஈமானே விலங்கு என்பதை மேலே கண்டோம். அதே வழக்கில் கைதான அப்துல் நாஸர் மஅதனீ, ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த பின் 2007-ல் குற்றவாளி அல்லர் என விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டுகள் முழுதும் செய்தித்தாள்களின் தமிழில் அவர் ‘கைதி’. அக்காலத்துக்கு வேறு பெயர் வைக்க நம் மொழியில் சொல் இல்லாமற் போனது சிறிய குறையன்று.

அரசை நோக்கி இவற்றைக் கூறும் உரிமை நமக்கு உண்டு. நம்மை நோக்கியும் கேட்டாக வேண்டும். ‘ஜாமீன்’ என்பது அரபு ‘ளாமின்’ என்பதன் திரிபு. அரபில் அது பொறுப்பேற்கும் மனிதரைக் குறிக்கும். தமிழில் நீதிமன்றம் வழங்கும் உத்தரவைக் குறிக்கலாயிற்று. மனிதர் மறைந்து தாள் மிஞ்சிய கதை இது. நடப்பும் அதுவே. பிணை கிடைத்தும் பிணை நிற்க ஆளின்றி, கட்டத் தொகையின்றி உள்ளே இருப்போர் பலர். ஜகாத்துக்கு உரிய எட்டு இனங்களில் ‘ரிகாப்’ என்பதில், பிடிபட்டோரை மீட்பதும் அடங்கும் என்பது ஹன்பலீ அறிஞர்களின் கருத்து. அதனை ஏற்கத் தயங்குவோருக்கும் பொதுவான ஸதகாவின் கதவு திறந்தே உள்ளது. ஆனால் நம் மஹல்லாக்களில் சிறைப்பட்டவரின் வீட்டு வாசலை மிதிக்கவும் அஞ்சி ஒதுங்கும் வழக்கமே காணக்கிடைக்கிறது. உள்ளே இருப்பவரை அரசு தடுத்து வைத்தது. வெளியே இருக்கும் மனைவி மக்களை நாம் தடுத்து வைக்கிறோம். அவ்வாறாயின் அவர்களது கடன் யார் மீது?

மூலச்சொத்தைத் தடுத்து வைத்துப் பலனை ஏழைக்கு விடுவதும் ஹப்ஸ். மனிதனைத் தடுத்து வைத்து அவன் பொறுப்பைச் சுமப்பதும் ஹப்ஸ். முதல் ஹப்ஸின் வருவாயிலிருந்து இரண்டாம் ஹப்ஸில் இருப்போருக்கு வழக்கறிஞரும் பிணைத்தொகையும் ஏற்பாடு செய்வதைவிட அச்சொல்லுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த உரை வேறில்லை. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை இடம் தரும் இடங்களிலேனும் இது தொடங்கப்பட வேண்டும்.

அரசரின் அழைப்பு வந்தவுடன் யூசுஃப் (அலை) சிறையைவிட்டு வெளியேறி விடவில்லை. தூதரைத் திருப்பி அனுப்பி, அப்பெண்களின் செய்தி என்னவென்று முதலில் விசாரிக்கச் சொன்னார்கள் (12:50). கதவு திறப்பதைவிட உண்மை வெளிப்படுவதை அவர்கள் முற்படுத்தினார்கள். அவ்வளவு காலம் சிறையில் இருந்திருந்தால் தாம் அழைப்பை உடனே ஏற்றிருப்பேன் என அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியது, அப்பொறுமையின் உயர்வையும் விடுதலையை விரும்பும் மனித இயல்பையும் ஒருங்கே மதிப்பதாகும். யூசுஃப் நபியின் பொறுமையை எல்லாச் சிறைவாசியிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. அவர்களுக்காக விசாரணையைக் கோரும் கடமை நமக்கு உண்டு.

அல்லாஹ் மிக அறிந்தவன்.